எங்கள் நாய்க்கு வந்த சாமி

மேல் வீட்டு அக்காவைக் கேட்டால், எங்கள் நாய்க்கு ஒரு பௌர்ணமியன்று சாமி வந்தது என்பார். உள்ளே போனது கற்பூரம். அதுவும் பாக்கெட்டோடு.

கிரிவலப் பாதையில் லிங்கத்துக்கு லிங்கம் ஏற்றுவதற்காக என் கணவர் வாங்கிய கற்பூரம் அது. அதே பையில் நெய் லட்டையும் போட்டு, கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எங்கள் நாய்க்கு எதையும் பிரித்துப் பார்த்துத் தின்கிற பழக்கம் கிடையாது. நான் அடுப்படியிலிருந்து வந்தபோது கிழிந்த பைதான் தரையில் கிடந்தது. நாய் ஒரு ஏப்பம் விட்டது. வீடு முழுக்கக் கோயில் வாசனை. முதலில் சிரித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அதன் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. கணவர் ஈர வேட்டியோடு ஓடிவந்து, கால்நடை டாக்டருக்கு போன் போட்டார். சத்தம் கேட்டு இறங்கி வந்த மேல் வீட்டு அக்கா வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். நடுங்குகிற நாயைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று அதனிடம் பயபக்தியோடு கேட்டார். நாய் பல்லைக் கடித்ததில் 'த்தை' என்று ஏதோ சத்தம் வந்தது. தை மாதம் என்று அவரே முடிவு செய்துகொண்டு மாடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் தட்டு, தட்டில் எரிகிற கற்பூரம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயது வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை.

"கற்பூரத்தத் தின்னுட்டுச் சாவக் கெடக்குது. அதுக்கே கற்பூரம் காட்றீங்களே, அக்கா."

அது விஷம், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் கீல் எதையும் ஊற்றாதீர்கள், உடனே தூக்கி வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் அகப்பட்ட காவி வேட்டியில் நாயைச் சுற்றி ஆட்டோவில் ஏறினோம். கணவர் சட்டை போட மறந்திருந்தார், நெற்றியில் மட்டும் விபூதி. அக்கா கற்பூரத்தை அணைத்துவிட்டு, தட்டைக் கீழே வைக்காமல், தானும் ஏறிக்கொண்டார்.

வேங்கிக்காலைத் தாண்டியதும் கிரிவலக் கூட்டம். எவ்வளவு ஹாரன் அடித்தும் ஒருவரும் நகரவில்லை. மடியில் நாயின் நடுக்கம் நின்றது. நடுங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. சோறு வைக்கும்போது கொஞ்சுவேனே, அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

"சாமி, என் சாமி, கண்ணத் தொறடா. போயிடாதடா."

அழுதுகொண்டே கத்தினேன். பக்கத்தில் நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவித் துணி, வெற்று மார்போடு ஒருவர், கற்பூர வாசனை. ஒரு பெரியவர் கும்பிட்டார். அக்கா தலையை வெளியே நீட்டி, சாமி வருது, வழி உடுங்க என்றார். அப்புறம் அந்தக் கூட்டம் விலகிய அழகை நான் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்தது. ஆட்டோ போனது மட்டும் தெரியும்.

டாக்டர் ஊசி போட்டு இருட்டறையில் படுக்க வைத்தார். கற்பூரம், அந்துருண்டை, எலிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவர், வாசலில் கைகூப்பி நிற்பவர்கள் யார் என்று கேட்டார். பக்தர்கள் என்றார் என் கணவர். நாய் கண் திறந்து என் புடவைத் தலைப்பை மெல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அக்கா மகனுக்குத் தையிலேயே கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகையை நாயின் முன்னால் வைத்தார். அது தின்பதற்குள் நான் பிடுங்கிக்கொண்டேன். இன்னுமா இதை நம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஆட்டோவுல நீ யாரக் கூப்ட்ட?"

"எங்க நாயத்தான்."

"வந்துச்சா, இல்லியா?"

வந்தது.