சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

மீன் கெட்டதா இல்லையா என்று நான் மோந்து பார்ப்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் எடுப்பேன், பழுப்பு ஏறியிருந்தால் தொடமாட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் என்னை ஏமாற்றி ஒரு கூடை மீன் விற்றவன் இன்னும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கடற்கரைக் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு கிளம்பி, ஐஸ் பெட்டி வைத்த சொந்த வேன் வரைக்கும் வந்ததெல்லாம் இந்தக் கண்ணை வைத்துத்தான்.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கமாக மனை வாங்கியதும் முதலில் கிணறு வெட்டினேன், பிறகுதான் வீடு. அந்தக் கிணற்றைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது. வீடு கட்டிப் பல வருஷம் கழித்துத் தொடர்ந்து மழை பொய்த்து, ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருவில் போட்ட ஆழ்துளைப் போர்களெல்லாம் வெறும் காற்றைக் கக்கின. என் கிணறு மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் வைத்துக் காலையில் திறந்துவிடுவேன். பிளாஸ்டிக் குடங்களோடு தெருவே வந்து நிற்கும். ஒரு பைசா வாங்கியதில்லை. "அண்ணா கெணறு இல்லாங்காட்டி நாங்க ஊரயே காலி பண்ணியிருப்போம்" என்பார்கள். கேட்கக் கேட்க எனக்கு மார்பு விரியும்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. செங்கல்பட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் சம்பந்தியம்மாள் தயங்கினார்கள். "மெட்ராஸ்ல குடிக்கவே தண்ணி இல்லன்னு பேப்பர்ல போடறான். பிரசவம் இங்கயே ஆகட்டும் சம்பந்தி."

"மெட்ராஸுக்குத்தான் இல்ல. என் வூட்டுக்குக் கீது" என்றேன். "பேரப்புள்ளய இளநி மாதிரி தண்ணியில வளத்துக் கொண்டாந்து உங்க கையில குடுக்கறேன், போதுமா?"

பேத்தி பிறந்தாள். பிறந்த சில நாளில் மகளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் டப்பா பால் கொடுக்கச் சொன்னார்கள், தண்ணீரை நன்றாகக் காய்ச்சிக் கலக்கச் சொன்னார்கள். நன்றாக என்றால் என் மனைவிக்கு ஒரே அர்த்தம்தான். கஷாயம் மாதிரி பாதியாகச் சுண்ட வேண்டும். "பச்சப்புள்ள குடிக்கிறது, ஒரு கிருமி தங்கக்கூடாது" என்று அடுப்பை விட்டு நகரமாட்டாள். குழந்தைக்கு வயிற்றால் போனபோது இன்னும் அதிகமாகச் சுண்ட வைத்தாள்.

குழந்தையின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. குடத்தோடு வந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "தாத்தா கலர் எறங்குதுடி! இனிமே பவுடர் டப்பா செலவு தாத்தாவுதுதான்." நானும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தேன்.

ஒரு காலை குளிப்பாட்டி வெயிலில் கிடத்தியபோது குழந்தை அழவில்லை. நகமெல்லாம் நாவல்பழம் மாதிரி இருந்தது.

"நைனா, புள்ள வாயப் பாரு நைனா!" என்று மகள் அலறினாள்.

உதடு நீலம். மீன் வேனிலேயே மூவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பக்கத்துக் கிளினிக்கில் ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. இருதயத்தில் கோளாறாக இருக்கலாம், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்று நான் மதித்த சிக்னல் ஒன்றுகூட இல்லை. பின்னால் மகள், "மூச்சு கீது நைனா, இன்னும் மூச்சு கீது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அதை நிறுத்திவிடுவாளோ என்ற பயத்திலேயே ஓட்டினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குழந்தையின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். பார்த்தேன். சிவப்பில்லை. பழுப்பு. ஐஸில் போட்டு மறந்துபோன மீனின் செவுள் நிறம். அந்த நிறத்தைக் கண்டால் கூடையோடு ஒதுக்கிவிடுகிறவன் நான். அது என் பேத்திக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"கொழந்தைக்குத் தண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என் சொந்தக் கெணறும்மா. தேன் மாதிரி இருக்கும். தெருவே குடிக்குது."

"காய்ச்சினீங்களா?"

"பாதியா சுண்ட வெச்சும்மா" என்றாள் என் மனைவி அவசரமாக. "ஒரு நாளும் அப்படியே குடுத்ததில்ல."

டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "காய்ச்சினா கிருமிதாம்மா சாகும். தண்ணியில கரைஞ்ச நைட்ரேட் போகாது. தண்ணி ஆவியாப் போயிடும், அது மட்டும் தங்கி இன்னும் கெட்டியாகும். சின்னக் கொழந்தை உடம்புல அது சேர்ந்தா இரத்தம் காத்த ஏத்துக்காது."

என் மனைவி இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்தும் நீல நிறமாகத்தான் இருந்தது. ஏற்கெனவே நீலமான குழந்தைக்குள் அது இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். குன்றத்தூர் முருகனிடம் என்னென்னவோ பேரம் பேசினேன். வேனை எடுத்துக்கோ, கடையை எடுத்துக்கோ, என்னையே எடுத்துக்கோ. பேரத்தில் தோற்காதவன் நான். அன்று எதிரில் விலை சொல்ல ஆள் இல்லை.

கடைசியில் உதட்டில் சிவப்பு திரும்பியது. பேத்தி வீறிட்டு அழுதாள். அப்படி ஒரு சத்தத்தை என் ஆயுளில் கேட்டதில்லை.

சம்பந்தியம்மாள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திட்டவில்லை. "உங்க கெணறு உங்களுக்கே இருக்கட்டும் சம்பந்தி" என்று மட்டும் சொன்னார்கள்.

டாக்டரம்மா சொன்னபடி ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "நைட்ரேட் ஒரு லிட்டருக்கு நாப்பத்தஞ்சு மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். உங்களுது அதைப் போலப் பல மடங்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாப்பத்தாறு குடிச்சா செத்துருவானா சார்? நான் வருசக்கணக்கா குடிக்கறேன், கல்லு மாதிரி நிக்கறேன்!"

"நீங்க சாகமாட்டீங்க, நானும் சாகமாட்டேன். அந்த எல்லை உங்களுக்காகப் போட்டதில்ல. பொறந்த கொழந்தைங்கள நெனச்சுப் போட்டது." பிறகு அவரே கேட்டார்: "மழையே இல்ல, ஏரி காஞ்சு கெடக்கு. உங்க கிணறு மட்டும் எப்படி ஊறுது? சுத்திலும் எல்லா வீட்டுலயும் கக்கூஸ் குழிதானே?"

இத்தனை நாள் நான் மார் தட்டிய ஊற்று அதுதான்.

மறுநாள் குழாயைத் திறக்கவில்லை. குடங்களால் கேட்டைத் தட்டினார்கள். வெளியே போய்ச் சொன்னேன்: "துணி தொவைக்க, குளிக்க எடுத்துக்கோங்க. யாரும் குடிக்காதீங்க. கைக்கொழந்தைக்கு ஒரு சொட்டு குடுக்காதீங்க. விசம்."

"பேத்தி ஊருக்குப் போனதும் அண்ணாவுக்குத் தண்ணி கசக்குது போலக் கீது" என்றாள் ஒருத்தி. வரிசை சிரித்தது.

"தண்ணி லாரி வந்து எத்தினி நாளாவுது?" என்றாள் இன்னொருத்தி. அவள் சிரிக்கவில்லை. "குடிக்காதன்னா, வேற இன்னாத்த குடிக்கச் சொல்ற?"

குழாயைத் திறந்தேன். திறந்துவிட்டு அங்கேயே நின்றேன்.

மூலை வீட்டுப் பெண் அவள் முறைக்குக் குடத்தை வைத்தாள். பிள்ளை பெற்று அதிக நாள் ஆகவில்லை. தோளில் துணி சுற்றிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நீ பயப்படாத அண்ணா. எம் புள்ளைக்கு நான் அப்படியே குடுக்கறதில்ல. அக்கா சொல்லிக் குடுத்தாப்பல, பாதியா சுண்டக் காச்சித்தான் பால் கலக்கறேன்."

அக்கா என்றது என் மனைவியை.

குடத்தை எட்டி உதைத்தேன். அந்த வறட்சியில் ஒரு குடம் தண்ணீர் தெருவில் ஓடியது. "கெழவனுக்கு மண்ட கொயம்பிப் போச்சுடா!" என்று கத்தினார்கள், யாரோ சட்டையைப் பிடித்தார்கள், அவள் அழத் தொடங்கினாள். நான் எதையும் காதில் வாங்காமல் குழந்தையின் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினேன். செவுளைத் தூக்குவது போலத்தான் தூக்கினேன். சிவப்பா, பழுப்பா? கண்ணீர் மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தெரியவில்லை. ஒரு நொடியில் நிறம் சொல்கிற என் கண்ணுக்கு அன்று எதுவும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி வேன் சாவியோடு ஓடிவந்தாள்.

"புள்ளையோட ஏறும்மா வண்டியில" என்றேன்.