குடிலின் மேல் பெய்த பனி

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிக்கூடத்தில் நின்றிருந்தோம். மணிக்கு ஒருமுறை இயந்திரம் பனியைப் புயலாகக் கொட்டுமாம். கொட்டியது. மகள் வாயைத் திறந்து பிடித்தாள். அந்தக் குளிர் மூக்கில் ஏறியதும் எனக்கு பஹ்ரைனில், குதைபியாவில் நாங்கள் இருந்த ஒற்றை ரூம் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் டீச்சர், "பனி பெஞ்சா நல்ல இடம், மோசமான இடம்னு பார்க்காம எல்லாத்தையும் மூடிரும். கடவுளோட மன்னிப்பும் அப்படித்தான்" என்றார். எனக்குப் பனியைப் பார்த்தே ஆக வேண்டும். அப்பாவை அரித்தெடுத்தேன்.

அப்பா மீன் குளிர்கிடங்கில் டெக்னீஷியன். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் டியூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒரு ஐஸ்பெட்டியைத் திறந்தார். ஃப்ரீசர் குழாய்களில் படிந்திருந்ததைச் சுரண்டி நிரப்பியிருந்தார். "மக்களே, இந்தா ஒனக்க பனி" என்று, ரூம் மூலையில் நாங்கள் வைத்திருந்த கிறிஸ்து பிறப்புக் குடிலின் மேல் தூவினார். ஆடு, மாடு, தொழுவம் எல்லாம் வெள்ளையாயின.

குடில் பார்க்க வந்த என் வகுப்புத் தோழி மூக்கைப் பொத்தினாள். "என்ன மீன் நாத்தம்?"

"அது பனி நாத்தம் இல்ல. எங்கப்பாதான் நாறுவாரு" என்றேன். பனியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார்.

இயந்திரம் நின்றது. என் தலை, சட்டை, ஷூ எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. டீச்சர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அப்பா வேலையை விட்டு ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன லீவிலும் நான் வாசலில் இறங்கி, கட்டிக்கொள்ளக் கையை விரித்ததும், "நில்லு மக்களே, குளிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.