வண்டிக்கு அடியில் விரித்த அட்டைகள்

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே கீழே இறங்கிப்போய், வண்டிக்கு அடியில் விரித்திருக்கும் அட்டையை இழுத்துப் பார்ப்பேன். ஏறக்குறைய இரண்டு மாதம் அதுதான் என் முதல் வேலை. அட்டை தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் கேட்டு வாங்கியது. முருங்கைக்காய் வந்த பெட்டியைப் பிரித்து விரித்தால் எஞ்சினின் அகலத்துக்குச் சரியாக இருக்கும். அட்டையில் எண்ணெய்ப் பொட்டு இல்லையென்றால் அன்றைய பொழுது நன்றாகப் போகும். பொட்டு இருந்தால் ஒரே ஒரு மனிதரின் முகம்தான் கண் முன்னால் வந்து நிற்கும். அவர் என் நண்பர். எனக்கு வேறு நண்பர்கள் இல்லை.

நான் கார் கழுவுகிறவன். கழுவி, உள்ளே தூசி உறிஞ்சி, மெழுகு போட்டு மெருகேற்றுவது என் தொழில். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கார்கள் கேள்வி கேட்பதில்லை. அதனால் அந்த வேலையிலேயே இருந்துவிட்டேன்.

அந்த வண்டியும் நான் பல வருடம் கழுவிய வண்டிதான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார். தரையை ஒட்டிய உடம்பு, மடக்கித் திறக்கும் கூரை. அதன் சொந்தக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது இந்த நாட்டுச் சட்டப்படி பத்தாண்டு உரிமை முடிந்த வண்டியை உடைக்கக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதுவரை சேர்த்ததையெல்லாம் போட்டு, வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, நானே வாங்கிக்கொண்டேன். பிடோக் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நான் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, யாரோ வழி தெரியாமல் வந்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

ஒழுகத் தொடங்கியது வாங்கிய நான்காம் மாதத்தில். ஒரு நாள் வண்டியை எடுத்தபோது தரையில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பு வட்டம். விரலால் தொட்டு முகர்ந்தேன். எஞ்சின் ஆயில்.

நண்பர் மெக்கானிக். காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்காவில் ஒரே கடையில், ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். வாரத்தில் நான் சிரிப்பது அந்த ஒரு மணி நேரம்தான் என்று மனைவி சொல்வாள்.

முதல் தடவை, வண்டியை மேலே உயர்த்தும் தூக்கியில் ஏற்றிப் பார்த்தவர், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கே ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய வண்டி, எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் காய்ந்திருக்கும், அதை மாற்றிப் பார்க்கலாம் என்றார். மாற்றினார். பாகத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒன்பது நாள் அட்டை சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் பொட்டு.

எனக்குள் ஏதோ கடித்தது. மாற்றினேன் என்றாரே, மாற்றினாரா? வேலைத்தாளில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. இரண்டு வார்த்தை புரிந்தது, மற்றது புரியவில்லை. யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லலாம். ஆனால் ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்கள். கூலி ஏன் வாங்கவில்லை என்ற யோசனையும் வந்தது. செய்யாத வேலைக்குக் கூலி வாங்க அவருக்கே கூசியிருக்குமோ?

அட்டைகளைத் தூக்கிப் போடாமல் நாள் எழுதிச் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு என் மனைவி, "நம்ம கல்யாணத்துக்கு ஜாதகங்கூட நீங்க இவ்வளவு பாக்கல" என்றாள். பிறகு ஒரு நாள் அவளே, துணி மடித்துக்கொண்டே, "பழகுன எடத்துலதான் ஆளு ஏமாறுறது. புது எடத்துல நாம முழிச்சுக்கிட்டு இருப்போம்ல" என்றாள். அவள் பொதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் தடவை வண்டியை விடுவதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு போய், மேல்மூடியின் இரண்டு திருகாணிகள் மீது, பாதி திருகாணியிலும் பாதி மூடியிலும் படுகிற மாதிரி ஒரு புள்ளி வைத்தேன். திருகாணியைக் கழற்றினால் புள்ளி உடைந்துவிடும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் கூரையை மூடிக்கொண்டு வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் சாவியைக் கொடுத்து, மேலேயும் பார்த்துவிட்டேன், கீழே எண்ணெய்த் தொட்டியின் கேஸ்கெட்டையும் மாற்றிவிட்டேன், இனி ஒழுகாது என்றார். வீட்டுக்கு வந்து வண்டியின் முன்மூடியைத் திறந்தேன். இரண்டு புள்ளிகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. மேலே பார்த்தேன் என்றாரே. கழற்றாமல் எதைப் பார்த்தார்? முதல் தடவையும் இப்படித்தானே?

எட்டாம் நாள் ஒழுகியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் எதையோ சொல்லிச் சிரித்தார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார், விலை கூடியது போலத் தெரிந்தது. அதைப் பற்றியும் நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போனால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவேன்? ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இருபது வருடத்தில் அவரிடம் நான் கேள்வி கேட்டதே இல்லை.

ஒழுகல் நிற்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வண்டியைக் கொண்டு வரச்சொன்னார். ஒரு சிறிய குப்பியிலிருந்து மஞ்சள் சாயத்தை எண்ணெயோடு கலந்து ஊற்றினார். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வா, ஊதா விளக்கை அடித்தால் எண்ணெய் போன வழியெல்லாம் பச்சையாக மின்னும், அப்போது பிடித்துவிடலாம் என்றார். நான் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஊற்றுவது அதுதானா, அல்லது ஒழுகல் கூடுவதற்கு வேறு ஏதாவதா?

ஒரு வாரம் கழித்துப் போனேன். தூக்கி மேலே ஏறியது. அவர் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கைப் பிடித்து, முன்னும் பின்னுமாக ஒவ்வொரு இடுக்காகத் தேடினார். எங்குமே பச்சை இல்லை. வெகு நேரம் கழித்து, வண்டியில் லீக் இல்லை என்றார்.

அன்றுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. வந்ததுமே பின்பெட்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்திருந்த அட்டைகளை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டேன். பேச வராது, அதனால் போட்டேன். அவர் குனிந்து விளக்கை அவற்றின் மேல் காட்டினார். கடைசி இரண்டு அட்டைகளில் பொட்டுகள் பச்சைப் பச்சையாக மின்னின.

அவர் அட்டையைப் பார்த்தார். மேலே தொங்கும் வண்டியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இங்க வர்றதுக்கு முன்னாடி அடியில கழுவுனியா?"

"கழுவுனேண்ணே."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும். மொத நாள் சாயங்காலம்."

"எதுக்குப்பா?"

"உங்ககிட்ட வர்ற வண்டி. அழுக்கோட எப்படிக் கொண்டார்றது?"

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. நான் வேலை செய்யும் கார் கழுவும் கடையில் தூக்கி இருக்கிறது, அழுத்தத் தண்ணீர் இருக்கிறது, கிரீஸ் போக்கும் சோப்பு இருக்கிறது. அவரிடம் போவதற்கு முன்னால் எஞ்சினின் அடியை அரை மணி நேரம் கழுவி, துடைத்து, காற்றடித்துக் காயவைத்துவிட்டுத்தான் போவேன். கார் கழுவுகிறவனின் கார் எண்ணெய் வழிய நிற்பதை இன்னொரு தொழில்காரர் பார்க்கலாமா?

அவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். "டாக்டர்கிட்ட போறப்ப காய்ச்சலைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டா போவ?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன்லா. வண்டி ஒழுகுதுங்கிற, எனக்கு ஒண்ணுமே தெரியல. இதப் புதுசா வாங்கினேன். அப்பவும் தெரியல. கடைய மூடிறலாமான்னுகூட யோசிச்சேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நீ என்ன நெனச்ச?" என்றார்.

நான் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். அவர் எதையும் நம்புவார். ஆனால் எனக்குப் பொய்யும் சட்டென்று வராது. தூக்கியை இறக்கச் சொன்னேன். முன்மூடியைத் திறந்து இரண்டு சிவப்புப் புள்ளிகளையும் காட்டினேன். அது நான் வைத்தது, எதற்காக வைத்தேன் என்று சொன்னேன்.

அவர் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தார். அவற்றை அன்றைக்கே பார்த்திருந்தார். கழுவும்போது ஏதோ அடையாளத்துக்கு நான் வைத்தது என்று எண்ணினாராம்.

"மேல எண்ணெய் இல்ல, காஞ்சு கெடந்துச்சு. புது கேஸ்கெட் வேற. நல்லா இருக்கிறதக் கழட்டிப் பூட்டிட்டு வேல பாத்தேன்னு சொன்னாத்தான் அது ஏமாத்து" என்றார். ஒரு வாரம் கழுவாமல் ஓட்டிவிட்டு வரச்சொல்லி, சாவியை என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேக்காவுக்கு வரவில்லை. நான் இரண்டு தேநீர் குடித்தேன். எதிர் நாற்காலி காலியா என்று கேட்டு ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்.

வண்டியைக் கழுவாமல் விடுவது எனக்குச் சுலபமாக இல்லை. அந்த வாரம் தினமும் மழை. சக்கரங்களிலும் பக்கவாட்டிலும் சேறு காய்ந்து கிடந்தது. கடையில் என்னோடு வேலை செய்கிறவர்கள், வண்டி ஓடவில்லையா, இல்லை வண்டிக்காரனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அடியில் எண்ணெய் வழிவதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அதோடு இன்னொரு யோசனையும் சுற்றியது. இந்தத் தடவையும் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போனால்? தெரிந்தும் தெரியாது என்று சொன்னால்? அவ்வளவு நடந்த பிறகும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஏழாம் நாள் போனேன். தூக்கி ஏறியது. விளக்கு எரிந்த ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது. எண்ணெய் வடிகட்டிக்கு மேலே கட்டைவிரல் அளவில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் ஒரு சுவிட்ச். அதன் கழுத்திலிருந்து பச்சைக் கோடு ஒன்று இறங்கி, எஞ்சினின் பக்கவாட்டில் வளைந்து, காற்று தள்ளிய வழியில் பின்னால் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரிலிருக்கும் கேஸ்கெட்டையெல்லாம் மாற்றினாலும் அது நின்றிருக்காது. நான் கழுவிக் காயவைத்த பாதையில் எண்ணெய் மறுபடி ஊறிக் கீழே சொட்ட ஒரு வாரமாகும், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் நின்றது போலத் தெரிந்தது.

அவர் புதிய சுவிட்சைப் பெட்டியோடு கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "கிட்ட வாங்க. நல்லாப் பாத்துக்குங்க. இது பழசு, இது புதுசு. கழட்டுறப்பவும் பாருங்க, பூட்டுறப்பவும் பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. ஸ்பேனரை எடுத்து, எந்த அளவு என்பதைக்கூட என்னிடம் காட்டினார்.

நான் இரண்டு அடி பின்னால் போனேன். "நான் பாக்க வேணாம்ணே. நீங்க செய்யுங்க. நான் கீழ காப்பிக்கடையில இருக்கேன்" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் நானாக முந்திச் சொன்ன பேச்சில் அதுதான் நீளமானது. திரும்பி நடந்தேன். மாடியிறங்கும் மின்தூக்கி வரை போய்விட்டேன்.

"அப்ப வெளக்க யாரு பிடிப்பா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பி வந்தேன். அவர் வண்டிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. விளக்கை மட்டும் நீட்டினார். "பாக்க வேணாம். பிடிச்சாப் போதும்."

பிடித்தேன். அவர் சொன்னபடியே முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்காமல் விளக்கை எப்படி நேராகப் பிடிப்பது? இரண்டு தடவை அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவைத்தார். இரண்டு தடவையும் அது விலகிவிட்டது. ஸ்பேனர் நழுவி அவர் விரல் முட்டி எஞ்சினில் இடித்தது.

"பாத்துத்தான் பிடியேம்பா" என்றார்.

பார்த்தேன்.