ஐந்து வாரம் ‘பரவாயில்லை’ என்று சொன்னேன்

முதலில் அரித்தது வலது மணிக்கட்டு. கைச்சுத்து முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உப்பு பட்டுத்தான் எரிகிறது என்று கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். ஒரே மாதத்தில் இரண்டு கையிலும் விரல் இடுக்குவரை தோல் தடித்து, வெடித்து, நீர் கசிந்தது. கரப்பான் (தோல் அழன்று ஓயாமல் அரிக்கும் நோய்) என்றார்கள்.

தாராவியில் எங்கள் சந்தில் முறுக்கு சுற்றாத வீடு குறைவு. நான் சுற்றுவது கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடைக்குப் போகும். கடைக்காரர் நல்ல மனுஷர். என் கையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். “அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்” என்றார். டின் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது. மளிகை கட்டி வந்த காகிதங்களைப் படித்தே எழுத்து கற்றவள் நான். குழாயடியில் யார் எதைச் சொன்னாலும் மனதில் முடிந்துகொண்டு வந்து, வீட்டுக்காரரிடம் நடித்துக் காட்டுவேன். அந்த நான், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். இரவெல்லாம் சொறிவேன், காலையில் அழுவேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. உங்களில் யாருக்காவது இப்படி இருக்குமானால், அது சோம்பேறித்தனம் இல்லை. மனச்சோர்வு (மனம் நோயுற்று உடம்பையும் சேர்த்துக் கீழே இழுப்பது) என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீட்டுக்காரர் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தோல் டாக்டர் மராத்திக்கார அம்மா. கையைப் பார்த்தார், தூக்கம், சாப்பாடு, அழுகை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு மனநோய் டாக்டரையும் வரச் சொன்னார்.

“கைக்குத்தானட்டி வந்தோம். தலைய எதுக்குப் பாக்காங்க?” என்றார் வீட்டுக்காரர்.

மனச்சோர்வுக்கான புது மாத்திரைகள் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த அறுபதுகளின் காலம் அது. அதே மாத்திரை அரிப்பையும் அடக்குமா என்று இரண்டு டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் களிம்பு உண்டு. அதோடு பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. சம்மதமா என்று தோல் டாக்டர் கேட்டார்.

“மாவுதான் வீட்டுலயே கெடக்கே!” என்றார் வீட்டுக்காரர். நான் தலையாட்டினேன்.

வாராவாரம் போக வேண்டும். டாக்டர் இந்தியில் கேட்பார். மாட்டுங்காவிலிருந்து வரும் மாலதி என்கிற நர்ஸ் தமிழில் சொல்லுவாள். என் பதிலைத் தாளில் குறிப்பாள். “எப்படி இருக்கு?” “பரவாயில்லை.” “அரிப்பு?” “பரவாயில்லை.” அவ்வளவுதான் பேச்சு. கையைச் சோதித்துப் பார்ப்பது ஆறாம் வாரம்தான்.

ஆனால் வீட்டில் நடந்தது வேறு! மூன்றாம் வாரம் விடியும்வரை தூங்கினேன். நாலாம் வாரம் வெடிப்புகள் மூடின. நாக்கு மட்டும் எப்போதும் காய்ந்து கிடந்தது. அது மாத்திரையின் குணம் என்றார்கள். ஐந்தாம் வாரம் குழாயடியில் ஒருத்தி, “குடத்தை நகத்துடி, அது என்ன உன் மாமியாரா, கும்பிட்டுட்டு நிக்க?” என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு என் காதில் விழுந்து எத்தனை நாளாகியிருந்தது!

ஆறாம் வாரம் டாக்டர் தாளைப் புரட்டினார். முகம் வாடியது. ஏதோ சொன்னார்.

மாலதி சொன்னாள்: “உங்களுக்கு ஒண்ணும் குணம் தெரியலையாம். ஆறு வாரத்துல குணமில்லேன்னா மாத்திரையை நிறுத்திடணும், அதுதான் விதி.”

எனக்கு உயிரே போய்விட்டது. “ஏ தாயி, நிறுத்திராதிய! எனக்கு நல்லாருக்கே!”

“அஞ்சு வாரமா பரவாயில்லைன்னுதானே சொன்னேள்?”

“பரவாயில்லைன்னா நல்லாருக்குன்னுதான அர்த்தம்!”

“நான் ‘அப்படியேதான் இருக்கு’ன்னு போட்டுட்டேனே! நீங்க சொன்ன விதம் அப்படி இருந்தது.”

“பின்ன, நல்லாருக்கேன்னு ஒடைச்சுச் சொல்லுவாகளா? கண்ணு பட்டுராதா?”

மாலதி தலையில் கை வைத்துக்கொண்டாள். விஷயம் இந்திக்குப் போனதும் டாக்டர் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, தமிழ்க்காரர்களின் தாள்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். தாளுக்குத் தாள் பரவாயில்லைதான்! ஒருவருக்கு அது குணம், ஒருவருக்கு அது மரியாதை, இன்னொருவருக்கு ‘விட்டுத்தொலை’.

எழுதியதை மாற்ற முடியாது, அது ஆராய்ச்சிக்குத் துரோகம் என்றார் டாக்டர். ஆனால் அன்றைய கேள்வியை மாற்றலாம். இரவில் எத்தனை முறை விழித்தாய்? ஒரு தடவை, தண்ணி குடிக்க. நேற்று யாரோடு பேசினாய்? குழாயடியில் எல்லாரோடும். கையைக் காட்டு. நீட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். மாத்திரை தொடர்ந்தது.

“குணமானா உங்க ஜனங்க என்ன சொல்லுவா?” என்று மாலதி கேட்டாள். “தேவலைன்னு சொல்லுவோம். முன்னைக்கு இப்ப மேல்” என்றேன். புதுத் தாளில் அந்த வார்த்தை ஏறியது. நான் சொன்ன சொல், ஆஸ்பத்திரித் தாளில்! அந்தப் பெருமையில் வீடுவரை பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை எனக்கு.

ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியலைத் திறந்தபோது, எனக்கு வந்தது நிஜ மருந்துதான் என்று தெரிந்தது. அதே மருந்து சாப்பிட்ட இன்னொரு அம்மாவுக்குப் பலிக்கவில்லை. அவருக்கு வேறு வைத்தியம் பார்த்தார்கள். எனக்கும் குளிர் நாளில் மணிக்கட்டில் ஒரு சிவப்பு எட்டிப்பார்க்கும். களிம்பு போடுவேன். பயப்படுவதில்லை.

நோயில் கிடந்தபோது ஒரு சொறிச்சலுக்கும் அடுத்த சொறிச்சலுக்கும் நடுவே இருந்ததுதான் எனக்கு நாள். மறுபடி முறுக்கு சுற்ற உட்கார்ந்த அன்று, மாவு தீர்ந்து நிமிர்ந்தால் வாசலில் வெயிலே இல்லை. எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை. வேலை விட்டு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று கேட்டார்:

“கை எப்படிட்டி இருக்கு?”

நான் நிமிர்ந்து, “எந்தக் கை?” என்றேன்.