கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் மேப்

புவியியல் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: உலகம் முழுவதையும் விரித்துக் காட்டினாலும் பிள்ளைகள் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடுவார்கள். நீங்களும் சோக்கட்டியோடு நின்றவர் என்றால் உங்களுக்குத் தெரியும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருந்த காலத்தில் நான் இதோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, தேடட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் தரம் ஒன்பதுக்கென்றே இணையத்தில் ஒரு மேப்பைத் திறந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய இடங்களில் புள்ளி வைத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரே கூரை

கணினி அறைச் சுவரில் மேப்பின் செய்மதிப் படம் விழுந்ததும் ஒரே சத்தம். கோயில், சேர்ச், மீன் வைத்த மாலுபாண் நல்லாயிருக்கிற பேக்கரி என்று புள்ளிகள் விழுந்துகொண்டே போயின. சரண்யா மட்டும் மவுஸை அங்குமிங்கும் நகர்த்தினாள், புள்ளி வைக்கவில்லை. வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளை. வீடு தெரியவில்லையா என்று குனிந்து கேட்டேன்.

"தெரியுது டீச்சர். ஆனா லைன் முழுக்க ஒரே கூரை. அதில எங்கட வீடு எண்டு நான் எங்க புள்ளி வைக்கிறது?"

கடையை வையுங்கோ

அடுத்த நாள் ஒரு பிள்ளையின் தகப்பன் அதிபரின் அறையில் வந்து இருந்தார். யாழ்ப்பாணத்து ஆள், பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வயசுக்கு வந்த குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டை இன்டர்நெட்டில் போட்டது என்ன நியாயம் என்று கேட்டார். மேப் பூட்டியிருக்கிறது, வகுப்புக்கு மட்டும்தான் திறக்கும் என்று விளக்கினேன். ஆனாலும் அவர் பயந்ததில் பிழையில்லை. அன்றைக்கே எல்லா வீட்டுப் புள்ளிகளையும் பக்கத்துச் சந்திகளுக்கு மாற்றுவதாகச் சொன்னேன்.

மனிதர் ஆறுதலாக எழும்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"வீட்டை எடுத்துப்போட்டுக் கடையை வையுங்கோ டீச்சர். அதை உலகம் பார்க்கட்டும்."

செங்கடல் வாசலில்

ஜெனிற்றா தன் புள்ளியைக் கடலில் வைத்தாள். அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் வேலை. வீட்டுக்கு வருகிற வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் புள்ளியை நகர்த்துவாள். மலாக்கா நீரிணையை நான் படிப்பிக்கவில்லை. ஜெனிற்றாவின் அப்பா போனதால் வகுப்பு படித்துக்கொண்டது.

செங்கடலில் கப்பல்களுக்கு ஆபத்து என்று செய்திகளில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. புள்ளி செங்கடல் வாசலுக்குக் கிட்டப் போய் நின்றது. அடுத்த திங்களும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த திங்களும். செய்தி ஒன்றும் வரவில்லையாம். இந்த வேலையைக் கொடுத்ததே நான்தானே. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போதைக்குப் புள்ளியை எடுத்துவிடுவோமா என்று கேட்டேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"எடுத்தா அப்பா எங்கயுமே இல்லாத மாதிரி இருக்கும், டீச்சர்."

இப்பத்தான் தெரியுது

ஒரு காலையில், மணி அடிக்க முதலே ஜெனிற்றா ஸ்டாஃப் ரூம் வாசலில் மூச்சு வாங்க நின்றாள். அப்பாவிடமிருந்து செய்தி வந்துவிட்டதாம். கப்பல் செங்கடலுக்குள் போகாமலே திரும்பி, ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. இடையில் கப்பலின் இன்டர்நெட்டும் பழுது. அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை. ஆபிரிக்காவின் தென்முனை எங்கே என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கிற பிள்ளைகள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் தாங்களே கோடு இழுத்தார்கள். நான் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு லீவில் வந்த அப்பாவை ஜெனிற்றா வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொலிஷ் போட்ட சப்பாத்து, கையில் பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட். திரையில் தன் பயணம் முழுவதையும் கண்டவர் கிட்டப் போய், கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். எந்தக் கடல் அழகு என்று பிள்ளைகள் கேட்டதற்கு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"எனக்கு வேலை எஞ்சின் ரூமுக்குள்ள, மகள். கடலைப் பாக்குறது எங்க? நான் போன வழி எனக்கே இப்பத்தான் தெரியுது."

அழிக்கச் சொன்னவர்

இப்போது எனக்கு வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் வேலை. ஓய்வான பாட நேரத்தில் அந்த மேப்பை இன்னும் திறந்து பார்க்கிறேன். பேக்கரி இருந்த இடத்தில் போன் கடை வந்துவிட்டது. புள்ளி வைத்த பிள்ளைகளில் சிலர் நாட்டிலேயே இல்லை. எட்டிப் பார்த்த இளம் ஆசிரியை ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்:

"இதில நிறையப் புள்ளி இப்ப பிழை, அக்கா. அழிச்சிட்டுப் புதுசா ஒண்டு செய்யுங்கோவன்."

நான் ஒன்றையும் அழிக்கவில்லை. அந்த வருடம் நான் பாடத்திட்டத்தை முடிக்கவில்லை என்று புகார் இருந்தது உண்மைதான். மேப்பில் கொட்டாஞ்சேனையை விட்டு வெளிக்கிடவே எங்களுக்கு ஒரு தவணை போய்விட்டது.