ஏழாவது விதி

என் மகளின் பள்ளி டைரியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை படிப்பேன். எதையாவது விட்டுவிட்டோமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கு ஒன்பது வயதில், பம்மலில் பிடித்தது.

அப்பாவும், தினமும் அவரோடு மின்சார ரயிலில் போய்வந்த நண்பரான மாமாவும், சித்தப்பாவும் சேர்ந்து ஒரு மனை பார்த்திருந்தார்கள். மூன்று வீடு, நடுவில் ஒரு பொதுச் சமையலறை என்பது திட்டம். மனையை வாங்கும் முன்பே விதிகளைப் பேசிவிட வேண்டும் என்றார் மாமா. எல்லாரும் சரி என்றால்தான் விதி. ஒருவர் மறுத்தாலும் கிடையாது. ஞாயிறுதோறும் எங்கள் வாடகை வீட்டில் கூட்டம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு. மோட்டாரை யார் போடுவது, செருப்பை எங்கே விடுவது என்று ஆறு விதிகள் டீயும் சிரிப்புமாக முடிந்தன. ஏழாவதில் மீன் வந்தது.

"எனக்கு அந்த வாசனையே ஆவாதுங்க. காபி போட உள்ள வந்தாலே கொமட்டும்," என்றார் மாமாவின் மனைவியான அத்தை. அவர்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

"அப்போ நாங்க எங்க வீட்லயே ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடணுமாக்கா?" என்றாள் அம்மா.

"பேசாம மீனையே கூப்ட்டு உக்கார வெச்சுக் கேட்டுடலாம் அண்ணி," என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை.

மற்ற விதிகள் பன்னிரண்டு வரை போய்விட்டன. ஏழு மட்டும் காலியாக நின்றது. இந்த ஞாயிறும் முடிவாகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மனைக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு மனை பெரிதில்லை. அத்தையின் மகள் என் வகுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இனி அவள்தான் இருப்பாள் என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அப்பா ஒரு புது நோட்டைக் கொடுத்தார். "நீட்டா காப்பி பண்ணும்மா. நாளைக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம்."

காலி இடம் விட்டால் எங்கள் பள்ளியில் மதிப்பெண் குறைப்பார்கள். பக்கத்தின் நடுவே வெறும் எண் மட்டும் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. எட்டை ஏழாக்கினேன், ஒன்பதை எட்டாக்கினேன். பன்னிரண்டு எண்கள் பதினொன்றாயின.

மறுநாள் நோட்டு கைமாறியது. அப்பாவின் விரல் ஆறுக்குக் கீழே கொஞ்சம் நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை இரண்டு முறை படித்தார்.

"பேனாவைக் குடுடி," என்றார் அத்தை என்னிடம். அவர் கையெழுத்துப் போட்டதும் அம்மா அவரையே பார்த்தாள். பிறகு அவளும் போட்டாள்.

வீடு எழும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மொட்டைமாடியில் அடுப்பு வைத்து மீன் குழம்பு செய்வாள். பற்றவைக்கும் முன் கொடியில் காயும் அத்தையின் புடவைகளை மடித்துக் கீழே அனுப்பிவிடுவாள். சற்று நேரத்தில் கீழிருந்து குரல் வரும்:

"காத்து இங்க அடிக்குது, அடுப்பை அந்தாண்ட நகர்த்தும்மா!"

அம்மா நகர்த்துவாள்.

நான்தான் வருடக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன், என்றாவது யாராவது அந்த நோட்டை எடுத்து விதிகளை எண்ணிவிடுவார்களோ என்று. அத்தை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மாமா கணக்கு வாத்தியார். பன்னிரண்டில் ஒன்று குறைந்ததை அவர் கவனிக்கவில்லை என்று எப்படித்தான் நம்பினேனோ.