என் மனைவி நடித்த மாமியார்

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் மனைவி நடிகை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் படமுங்க?" என்பார்கள். படத்தின் பெயரைச் சொன்னதும், "அட, அந்த மாமியாருங்களா!" என்று சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

அவள் தூத்துக்குடிப் பக்கம். குடும்பத்தோடு பிழைக்க வந்து எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்தாள். அப்போது கம்பெனித் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை. மே தினத்துக்கும் கோயில் விழாவுக்கும் நாடகம். பெண் வேடம் போட ஆள் கிடைக்காமல், அயர்ன் மாஸ்டர் ஒருவர் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டுவார். ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்த அவள், அவர் அழுகிற காட்சியில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டாள். அவருக்குக் கோபம். "அப்ப நீங்களே வந்து அழுங்க" என்றார். அவளும் வந்து அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே அயர்ன் மாஸ்டர் மீசை வளர்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நாடகத்தில் நான் போலீஸ்காரன். மேடையில் அவளை மிரட்ட வேண்டும். அரங்கேற்றத்தன்று அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் வசனம் அத்தனையும் மறந்துபோனது. நான் லத்தியோடு நின்றேன். அவளோ, "என்ன கேக்கப் போறீகன்னு எனக்குத் தெரியும், புருஷன் எங்கன்னுதானே?" என்று என் கேள்விகளையும் தானே கேட்டு, தானே பதிலும் சொல்லி, காட்சியை முடித்துவைத்தாள். கைத்தட்டல் எனக்கும் சேர்த்துக் கிடைத்தது. கல்யாணத்தில் போய் முடிந்தது அந்தக் காட்சி.

என் அம்மாவுக்கு அந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை. அப்பா போன பிறகு பல்லடம் பக்கத்துத் தோட்டத்தை விட்டு என்னோடு வந்திருந்தவர் அவர். சண்டை போடவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மருமகளை 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்பிடுங்க' என்றே பேசினார். எங்கள் கொங்குப் பக்கத்தில் மரியாதை எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் மருமகளை 'அம்மிணி' என்று கூப்பிட்டு 'வா, போ' என்று பேசுவதுதான் பாசம். வீட்டுக்குள் இருப்பவளை வருடக்கணக்காக விருந்தாளி போலவே பேசிக்கொண்டிருந்தால் அதற்கு அர்த்தம் வேறு. அவளுக்கு அது புரிய நாளாகவில்லை. "உங்கம்மா எனக்கு ரொம்ப மரியாதை குடுக்காக" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள். நாடகம் நிற்கவில்லை. ஒருமுறை பல்லடம் பஸ் ஸ்டாண்டு அருகே நடந்த தெருநாடகத்தைப் பார்த்த உதவி இயக்குநர் ஒருவர், சினிமாவில் சின்ன வேடம் இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனார். கதாநாயகியோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் டெய்லர் வேடம். நல்ல வசனம். படம் வந்த அன்று எங்கள் லைன் வீடுகள் முழுக்கத் தியேட்டருக்குக் கிளம்பிவிட்டன. அக்கம்பக்கத்து வீடுகள், கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள், அயர்ன் மாஸ்டர் குடும்பம் என்று நான்கு வரிசைகளை நாங்களே பிடித்துக்கொண்டோம். இடைவேளை போனது, படமும் முடிந்தது. அவள் வந்தது ஒரே ஒரு இடத்தில். அதுவும் பஸ் ஏறும்போது பின்பக்கமிருந்து. மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் முதலில் பேசினாள். "என் கொண்டை நல்லா நடிச்சிருக்குல்லா?" என்றாள். கூட்டம் சிரித்துக் கலைந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடையில என்னை யாரும் வெட்ட முடியாதுல்லா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மூன்றாவது படத்தில்தான் அந்த மாமியார் வேடம் வந்தது. கொங்குப் பண்ணையக்காரர் வீட்டு அம்மா. முகம் பொருந்துகிறது, பேச்சு பொருந்தவில்லை, வேறொருவரை வைத்துக் குரல் கொடுக்கலாம் என்றார் இயக்குநர். "என் வாய்க்கு வேற ஆளா? கொஞ்சம் நாள் குடுங்க, நானே பேசுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதலில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டாள். சீக்கிரமே கைவிட்டுவிட்டாள். என் பேச்சில் கம்பெனி இங்கிலீசும், ஹெல்பர்களோடு பேசும் அரைகுறை இந்தியும், அவளோடு வாழ்ந்து ஒட்டிக்கொண்ட தூத்துக்குடியும் கலந்திருந்ததாம். அதன் பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். அம்மா வெங்காயம் உரித்தால் இவளும் உரித்தாள். அம்மா போனில் பேசினால் துணி மடிப்பதுபோல் அருகில் நின்றாள். திடீரென்று மருமகளுக்கு என்ன வந்தது என்று அம்மா குழம்பினார்.

ஒருநாள் விருந்தாளிகளைப் பற்றி, எங்கள் பேச்சிலேயே, நேராகக் கேட்டாள்: "அத்தை, பிடிக்காத ஒறம்பரை ஊட்டுக்கு வந்தா என்ன செய்வீங்க?"

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வாங்கன்னு சொல்லோணுமுங்க. தண்ணி குடுக்கோணுமுங்க. மூஞ்சிய மட்டும் பாக்காம இருந்தாப் போதும். அவங்களுக்கே தெரிஞ்சு போயிருமுங்க."

அவள் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்குத் தெரியும் அத்தைன்னு வாய் வரைக்கும் வந்துட்டு" என்றாள்.

படம் வந்தது. இந்த முறை கூட்டமாகப் போகவில்லை. நாங்கள் மூவரும் மகளும்தான். திரையில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு மகன் வந்து நிற்கிறான், பக்கத்தில் அந்தப் பெண். என் மனைவி கதவைத் திறக்கிறாள். பெண்ணின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, "வாங்க" என்கிறாள். ஒரே சொல். பிறகு அவள் மெதுவாகத் தண்ணீர்ச் சொம்பை நீட்டி, "குடிங்க, வெயில்ல வந்திருப்பீங்க" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரலும், சொம்பை நீட்டும்போது முந்தானையை இழுத்துச் செருகிய விதமும் அப்படியே என் அம்மா. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. இடைவேளையில் மகள் வாங்கி வந்த முறுக்கு மடியிலேயே கிடந்தது.

படம் முடிந்து ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டில் என் மனைவி வழக்கம்போல எங்களுக்குப் பரிமாறினாள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நானு அப்புடியா இருந்தேன்?" என்றார்.

"நடிப்புதான் அத்தை" என்றாள் இவள்.

"இல்ல. அது நாந்தான்." அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். "உக்காரு அம்மிணி. நீயும் உண்ணு."

என் மகள்கூட நிமிர்ந்து பார்த்தாள். என் மனைவி, ரசம் எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. ரசம் மேசையிலேயேதான் இருந்தது. அவள் வரும்வரை அம்மா அடுத்த கவளத்தை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நிறைய வேடங்கள் வந்தன. சீரியலிலும் நடிக்கிறாள். இப்போது அம்மாதான் அவளுக்கு முதல் விமர்சகர். "பண்ணையக்காரி இப்படியா சீலை கட்டுவா? அவுத்துக் கட்டு அம்மிணி" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவார். அவளும் சளைக்காமல், "அதை டைரக்டர்ட்ட சொல்லுங்க அத்தை" என்பாள்.

ஆனாலும் குழுவின் நாடகம் என்றால் படப்பிடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு வந்துவிடுகிறாள். போன மாதம் திருமுருகன்பூண்டியில், சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருவில் நாடகம். பொழுது சாய்கிற நேரம். அம்மா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தார். பாதியில் கரண்ட் போனது. மைக் செத்துவிட்டது, கூட்டத்தில் சலசலப்பு. அவள் மேடையிலிருந்து இறங்கினாள். கல்தூசி படிந்த லுங்கிகளோடு நின்ற சிற்பிகளுக்கு நடுவே நின்று, குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தாள். ஒருவர் போன் பேச ஆரம்பித்தபோது, "சித்த சும்மா இருங்க, எங்க அம்மிணி பேசறா" என்று அம்மா அதட்டினார்.

கரண்ட் வந்து மேடையில் விளக்கு எரிந்தது. அவள் மேலே ஏறவில்லை. மீதி நாடகத்தைத் தெருவிலேயே நடித்து முடித்தாள்.